பாதியில் நிற்கும் நாவல்கள்: எந்த இடத்தில் நிற்கிறது, ஏன்?

ஏட்டுச்சுவடி:

நல்ல நாவல் பட்டியல் போடும் இழைகள் இங்கே ஏராளம். ஆனால் அந்தப் பட்டியல்களில் முதல் பத்துக்குள் வரும் நாவல்களைத்தான் நிறையப் பேர் பாதியில் மூடி வைக்கிறார்கள். மூடிய கையோடு "எனக்கு இலக்கியம் சரிப்படாது" என்கிறார்கள். இல்லாவிட்டால் "சும்மா தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்" என்கிறார்கள். இரண்டுமே அவசரப்பட்டு எடுக்கிற முடிவு. கால் இடறும் இடம் ஒவ்வொரு நாவலிலும் ஒன்று உண்டு. சிலதில் சொல் இடறும், சிலதில் காலம், சிலதில் பேசுவது யார் என்பதே. எது என்று தெரிந்துவிட்டால் தாண்டிப் போய்விடலாம்.

எழுதுகிறவர்கள் நாவலின் பெயர், நிற்கும் இடம், காரணம், தாண்டும் வழி நான்கையும் சொல்லுங்கள். முடிவைப் போட்டு உடைக்காதீர்கள்.

நான் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் ஆரம்பிக்கிறேன். 1962-இல் எழுதியது, 1972-இல்தான் புத்தகமாக வந்தது. ஆட்கள் நிற்பது முதல் முப்பது பக்கத்தில். சுமத்ரா தீவின் மெடான் நகரத்து கெர்க் ஸ்ட்ராட்டில் ஜப்பானியப் படை வருவதைப் பார்க்கக் கூட்டம் கூடி நிற்கிறது. டச்சு, மலாய், சீனச் சொற்கள் மேலுக்கு மேல் விழுகின்றன. கதாநாயகன் யார் என்று சட்டென்று பிடிபடாது.

இங்கே எல்லோரும் செய்யும் தப்பு, ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று பொருள் தேடுவது. தெரிந்துகொள்ள வேண்டியது நாலைந்துதான். தொங்கான் என்றால் சரக்கேற்றும் பாய்மரக் கப்பல். தவ்க்கே என்றால் சீன முதலாளி. துவான் என்றால் ஐயா, துரை. ஸ்ட்ராட் என்றால் தெரு, கெர்க் என்றால் தேவாலயம். மிச்சம் போகப்போக விளங்கும். விளங்காவிட்டாலும் குறையில்லை. அந்த ஊருக்குப் போய் இறங்கிய சிவகங்கைச் சீமைப் பையனுக்கும் முதல் நாள் அந்தச் சொற்கள் அப்படித்தான் காதில் விழுந்திருக்கும்.

இரண்டாவதாக இடறுவது நினைவு. கதாநாயகன் பாண்டியன் மெடானில் நடந்துகொண்டிருப்பான், அடுத்த வரியில் சின்னமங்கலத்துக்கோ மதுரைத் தெருவுக்கோ போய்விடுவான். 'அவன் நினைத்துப் பார்த்தான்' என்று சிங்காரம் கைபிடித்துக் கூட்டிப் போக மாட்டார். ஊர்ப்பெயர் மாறுகிறதா என்று மட்டும் கண் வைத்திருந்தால் போதும்.

கடற்கரைவாசி:

அருமையான தொடக்கம் ஐயா. ஒன்று சேர்க்கிறேன். இந்த நாவலில் சொல்லைவிட அதிகம் தடுப்பது வட்டிக்கடை. லேவாதேவிக் கடையின் அடுக்கு தெரியாதவர்களுக்கு யார் யாருக்குப் பணிகிறார்கள், ஏன் பயப்படுகிறார்கள் என்பது புரியாது. அடியில் பெட்டியடிப் பையன். அவனுக்கு மேல் அடுத்தாள். அவருக்கும் மேலே கடையைக் கட்டி ஆளும் மேலாள். பணம் போட்ட முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். பையன்கள் வருடக்கணக்குக்கு ஒப்பந்தத்தில் கப்பலேறுவார்கள். தவணை முடிந்துதான் ஊர் திரும்ப முடியும்.

பெயர்களும் அப்படித்தான். 'கடலுக்கு அப்பால்' நாவலில் வரும் வானாயீனா யாரோ வேற்று நாட்டுக்காரர் என்று நினைத்துவிடுகிறார்கள். தொழில் விலாசத்தின் எழுத்துகளை அப்படியே ஓசைப்படச் சொல்லும் வழக்கம் அது. வ என்பது வானா, மு என்பது மூனா. இந்தச் சாவி கையில் இருந்தால் அந்தத் தெருவில் இருக்கும் பாதிப் பேரை அடையாளம் கண்டுவிடலாம்.

மணிமுத்தாறு:

இரண்டில் எதை முதலில் எடுப்பது? 'கடலுக்கு அப்பால்' சிறியது, எளியது என்கிறார்களே.

கடற்கரைவாசி:

எளியதுதான். செல்லையா, மரகதம் என்று பிடித்துக்கொள்ள ஒரு காதல் கதை இருக்கிறது. எழுதப்பட்டதும் அதுதான் முன்னால். 1950-ஐ ஒட்டி எழுதி, 1959-இல் புத்தகமாக வந்தது. ஆனாலும் என் கணக்கில் 'தோணி'தான் முதலில். 'கடலுக்கு அப்பால்' படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கேயும் ஒரு காதல் கதையைத் தேடுகிறார்கள். கிடைக்காது. அந்த ஏமாற்றத்திலேயே நூறாம் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள்.

ஏட்டுச்சுவடி:

இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. வட்டிக்கடை, போர்க்கால மலேயா, ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) மூன்றையும் சின்ன நாவல் சிரமமில்லாமல் அறிமுகப்படுத்திவிடுகிறது. அதற்குப் பிறகு 'தோணி'யை எடுத்தால் முதல் முப்பது பக்கம் சுவராக நிற்காது. காதலை எதிர்பார்க்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும்.

புயல் அத்தியாயம் பற்றி ஒரு வேண்டுகோள். தயவுசெய்து அதை வாய்விட்டு வாசியுங்கள். வினைமுற்றுகள் குறைந்துகொண்டே போகும், வாக்கியங்கள் சிறுத்துக்கொண்டே போகும், ஒலிக்குறிப்புச் சொற்கள் இரட்டை இரட்டையாக வந்து மோதும். கண்ணால் ஓட்டினால் ஒரே சொல் ஏன் இத்தனை தடவை என்று சலிப்புத் தட்டும். வாயால் சொன்னால் மூச்சு வாங்கும். அந்த மூச்சு வாங்கலுக்காகத்தான் அப்படி எழுதியிருக்கிறார். தமிழ் உரைநடையில் அதற்கு இணையான பக்கங்கள் வெகு சில.

தாழைமடல்:

சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981). நிற்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லலாம்: கதை சொல்லும் பாலுவின் பகுதி முடிந்து ஜே.ஜே.யின் நாட்குறிப்பு தொடங்கும் இடம். அதுவரை ஒரு ஆளைத் தேடிப் போகும் ஆவல் இருக்கிறது. யார் இந்த ஜோசப் ஜேம்ஸ், ஏன் 39 வயதில் போனான், ஓமனக்குட்டி என்ன ஆனாள் என்று பக்கம் நகர்கிறது. நாட்குறிப்புக்கு வந்ததும் சம்பவம் குறைந்து சிந்தனை மட்டும் மிஞ்சுகிறது. வேகம் விழுந்துவிடுகிறது.

தாண்டும் வழி, வேகத்தை நாமே குறைத்துக்கொள்வது. முதல் பாதியை ஒரே மூச்சில் படிக்கலாம், இரண்டாம் பாதியை ஒரு நாளைக்கு நாலு பக்கத்துக்கு மேல் படிக்கக் கூடாது. ஒவ்வொரு குறிப்பையும் படித்ததும், பாலு இந்த ஆளைப் பற்றி முன்னால் சொன்னதோடு இது ஒத்துப்போகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஒத்துப்போகாது. நாவல் நடப்பதே அந்த இடைவெளியில்தான். பாலு கட்டி எழுப்பிய உருவமும் நாட்குறிப்பில் தன்னையே சந்தேகித்துக்கொண்டிருக்கும் மனிதனும் ஒரே ஆள் இல்லை.

வைகைக்கரை:

தோழர், ஜே.ஜே. உண்மையில் வாழ்ந்த மலையாள எழுத்தாளர்தானே? யாரை வைத்து எழுதியது?

தாழைமடல்:

முழுக்கக் கற்பனைப் பாத்திரம். ஆல்பர் காம்யு 1960 ஜனவரி 4 அன்று கார் விபத்தில் இறந்தது நிஜம். அதற்கு மறுநாள் ஜே.ஜே. இறந்ததாக சுந்தர ராமசாமி முதல் வரியிலேயே பொருத்திவிடுகிறார். நிஜத் தேதிக்குப் பக்கத்தில் கற்பனைத் தேதியை ஒட்டியதால்தான் வாசகருக்கு இந்த மயக்கம் வருகிறது. அவர் விரும்பியதும் அதைத்தான். இவர் அவரா, அவர் இவரா என்று எழுத்தாளர் ஒவ்வொருவருக்கும் நிஜ ஆள் தேடப் புறப்பட்டால் நாவல் கைநழுவிவிடும். புத்தகம் வந்த நாளிலிருந்து நிறைய விவாதங்கள் இந்தத் தேடலிலேயே தேய்ந்து போயின.

வைகைக்கரை:

நன்றி. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நாட்குறிப்புப் பகுதி மெதுவாகப் படித்தாலும் கனக்கத்தான் செய்கிறது. அதை வாசகரின் குறை என்று தள்ளிவிடக் கூடாது. ஒரே தொனியில் தீர்ப்புகள் அடுத்தடுத்து வருகின்றன. இதே ஆசிரியரின் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் (1966) தாமோதர ஆசான் வாயைத் திறந்தால் சிரிப்பும் பொய்யும் உண்மையும் கலந்து கொட்டும். அந்தக் கலவை இங்கே இல்லை. சுந்தர ராமசாமிக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்கு நான் புளியமரத்தைத்தான் காட்டுவேன்.

தாழைமடல்:

நுழைவாசல் புளியமரம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கல்மண்டபம்:

ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) பற்றி யாரும் பேசவில்லையே. ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பகுதி. முதல் பகுதியில் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்: சிற்பிகள், கவிஞர்கள், வைதிகர்கள், தாசிகள், யானைக்காரர்கள். இருநூறு பக்கம் போன பிறகும் யாரைப் பின்தொடர்வது என்று தெரியவில்லை என்பதுதான் பொதுவான புகார். ஒருவரையும் பின்தொடர வேண்டியதில்லை. அந்தப் பகுதிக்கு நாயகன் ஒரு திருவிழா. கோபுரம், சோனா நதியின் செந்நிறம், படுத்திருக்கும் பிரம்மாண்டமான சிலை, இவை மனதில் தங்கினால் முதல் பகுதியைப் படித்தாகிவிட்டது என்று அர்த்தம். பிங்கலன், சங்கர்ஷணன் இருவரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடை கௌஸ்துபத்து ஞானசபை விவாதம். சாங்கியம், நியாயம், வைசேஷிகம், மீமாம்சை, சார்வாகம், சமணம், பௌத்தம் என்று தரப்புகள் வரிசையாக எழுகின்றன. அங்கேயே புத்தகத்தை வைத்துவிடுகிறவர்கள் அதிகம். ஒரு துண்டுத் தாள் எடுத்து, ஒவ்வொரு தரப்புக்கும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள்: இந்த உலகம் எதனால் ஆனது? சாங்கியத்துக்கு மூலப்பிரகிருதி, அதாவது ஆதி இயற்கை. வைசேஷிகத்துக்கு அணுக்கள். சார்வாகத்துக்கு நான்கு பூதங்கள். பௌத்தத்தில் நிலையான பொருளே கிடையாது, எல்லாம் கணத்துக்குக் கணம் மாறும் நிகழ்வு. இவ்வளவு தெரிந்தால் யார் எதைத் தாக்குகிறார், ஏன் மற்றவர் முகம் மாறுகிறது என்பதெல்லாம் பிடிபடும். அதற்குப் பிறகு அது மல்யுத்தம் பார்ப்பது மாதிரி.

மணிமுத்தாறு:

கதைக்காலத்தில் கௌஸ்துபம்தானே முந்தியது? அதை முதலில் படித்துவிட்டு ஸ்ரீபாதத்துக்கு வந்தால் சுலபமாக இருக்கும் என்று பல இடங்களில் யோசனை சொல்கிறார்களே.

கல்மண்டபம்:

காலத்தில் முந்தியதுதான். ஆனால் தயவுசெய்து அப்படி மட்டும் படிக்காதீர்கள். ஸ்ரீபாதத்தில் மக்கள் கும்பிட்டு விழும் புராணங்கள் எங்கிருந்து வந்தன என்பது கௌஸ்துபத்தில் தெரிகிறது. சந்தேகமும் பொறாமையும் களைப்பும் கொண்ட சாதாரண மனிதர்களிடமிருந்து வந்தவை அவை. புராணத்தை முதலில் நம்பி, பிறகு அதன் அடியில் கிடக்கும் மனிதர்களைப் பார்த்தால்தான் அந்த அதிர்ச்சி கிடைக்கும். வரிசையைத் திருப்பினால் வெறும் வரலாறு மிஞ்சும். சிலை விஷயமும் இதே மாதிரி. கோயில்காரர்களுக்கு விஷ்ணு, பழங்குடிகளுக்கு அவர்களுடைய மூப்பன். எந்த உண்மை எந்தப் பக்கத்தில் நமக்குத் தெரிய வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார் ஜெயமோகன்.

கரிசல்மண்:

வட்டார வழக்கில் நின்றுவிடுகிறவர்களுக்காக இது. கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்) 'கோபல்ல கிராமம்' (1976) இருநூறு பக்கத்துக்குச் சற்று முன்பின் உள்ள நாவல்தான், அதையும் பாதியில் விடுகிறார்கள். வழக்குச் சொல் காரணம் என்று சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தொடக்கத்தில் காதணிக்காக ஒரு பெண் கொலையாகிறாள், கொன்றவன் பிடிபடுகிறான். வாசகர் ஒரு வழக்குக் கதைக்குத் தயாராகி உட்காருகிறார். திடீரென்று மங்கத்தாயாரு அம்மாள் என்ற பூட்டி, வயது 137, தன் மக்கள் தெலுங்கு தேசத்திலிருந்து தெற்கே ஓடிவந்த கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறாள். கொலை என்ன ஆச்சு என்று பக்கத்தைப் புரட்டுகிறார்கள், பொறுமை போய்விடுகிறது. வழக்கு திரும்பி வரும், தீர்ப்பும் வரும். நடுவில் இருப்பதுதான் நாவல். கிராமத்தில் ஒருவர் கதை சொல்லும்போது 'அது இருக்கட்டும்' என்று கிளை பிரிந்து போய்விட்டுத் திரும்ப வருவார் இல்லையா, அந்த அமைப்பு.

சொற்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தெரியாத சொல்லால் பெரிய ஆபத்து இல்லை. தெரிந்த மாதிரி இருக்கும் சொல்தான் ஏமாற்றும். 'சம்சாரி' என்றால் குடும்பஸ்தர் என்று நினைத்துப் படித்துக்கொண்டே போவார்கள். கரிசலில் சம்சாரி என்றால் விவசாயி. அந்த ஒன்றைத் தப்பாக எடுத்தால் யார் நிலம் வைத்திருப்பவர், யார் கூலி என்ற கணக்கே மாறிப்போகும். வட்டார வழக்குக்கு கி.ரா.வே ஒரு சொல்லகராதி தொகுத்திருக்கிறார். அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் முதல் வாசிப்பில் திறக்காதீர்கள்.

கடற்கரைவாசி:

கரிசலண்ணே, கடல் நாவல்களுக்கு உங்கள் யோசனை பொருந்தாது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) படிக்கக் காற்றும் நீரோட்டமும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். கடலுக்குப் போகிறவன் ஒரு சொல்லில் சொல்வது அன்றைக்கு அவன் கரை திரும்புவானா இல்லையா என்பதை. வாடை வடக்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து. நீவாடு என்றால் கடல் நீரோட்டம். 'மரம்' என்றால் எப்போதும் கட்டுமரம். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், ஆனாலும் இது போதும். தெரியாமல் படித்தால், நடுக்கடலில் கிடக்கும் கோத்ராப்பிள்ளை, சூசையார், சிலுவை மூவரும் ஏன் அந்த நேரத்தில் பேச்சை நிறுத்துகிறார்கள் என்பது விளங்காது.

அத்தியாயங்களும் ஆண்டு விட்டு ஆண்டு தாவும். புத்தகத்தின் கடைசி வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் குடும்பம் குடும்பமாகப் பெயர் எழுதிக்கொண்டு போவதைவிடச் சிறந்த வழி தெரியவில்லை. இருபது பெயருக்குள் எழுதியாக வேண்டும். அதற்கு மேல் போனால் அதையும் பார்க்க மாட்டோம்.

கரிசல்மண்:

சரிதான். உயிர் போகும் காரியமாக இருக்கும் சொல்லை முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்றுக்கொள்கிறேன்.

அதே கரிசலில் பூமணியின் 'வெக்கை' (1982). இங்கே தடை சினிமா. 2019-இல் 'அசுரன்' வந்த பிறகு நாவலை எடுக்கிறவர்கள் அப்பாவின் பழைய கதையைத் தேடுகிறார்கள். படத்தில் இருக்கும் அந்த முன்கதை நாவலில் இல்லை. கொலை முதல் பக்கத்திலேயே நடந்துவிடுகிறது. பிறகு எட்டு நாள் அப்பனும் பதினைந்து வயது மகனும் காட்டிலும் ஓடையிலும் ஒளிந்து திரிகிறார்கள். என்ன சாப்பிட்டார்கள், எங்கே தண்ணீர் குடித்தார்கள், எங்கே படுத்தார்கள் என்பதுதான் பக்கங்கள். எதுவும் நடக்கவில்லை என்று மூன்றாம் நாளில் மூடிவிடாதீர்கள். மகன் சிதம்பரம் ஒவ்வொரு தடவை பசிக்கும்போதும் வீட்டுச் சோற்றைப் பற்றிப் பேசுகிறான். அதை மட்டும் தொடர்ந்து கவனியுங்கள். அரிவாள் பிடித்த கை இன்னும் பிள்ளைக் கைதான் என்பதைப் பூமணி வேறு எங்கேயும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நிலாமுற்றம்:

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' பக்கம் வருகிறேன். சுதேசமித்திரனில் தொடராக வந்தது. ஐம்பதுகளில் வாரம் ஒரு தடவை கையில் கிடைத்ததை இப்போது இரண்டு நாளில் படித்து முடிக்கப் பார்த்தால் கதாநாயகன் பாபுவின் புலம்பல் திரும்பத் திரும்ப வருகிற மாதிரிதான் இருக்கும். ஒரு உட்காரலுக்கு இருபது, இருபத்தைந்து பக்கம் சரியான அளவு.

பெரிய தப்பு வேறு. பாபு மோகிக்கும் யமுனாவுக்காகப் படிக்கிறவர்கள், அவனுடைய சங்கீத குரு ரங்கண்ணாவின் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். சங்கீதம் தெரியாது என்பது சாக்கு. ராகத்தின் இலக்கணம் எதுவும் தேவையில்லை. மராட்டியப் பாடகர்கள் வந்து பாடும் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குரலின் பயிற்சிக்கு முன்னால் கும்பகோணத்து வித்வத்தே வாயடைத்து நிற்கிறது. குரலுக்காக உடம்பை எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கேள்வி பாபுவுக்கு அங்கேதான் பிறக்கிறது. தன்னைவிடப் பத்து வயது மூத்த பெண்மேல் அவனுக்கிருக்கும் மோகமும் அதே உடம்பில்தான் இருக்கிறது. அந்தப் பக்கங்களைத் தள்ளினால் மிஞ்சுவது பாதி நாவல், அதுவும் பலவீனமான பாதி.

வைகைக்கரை:

நியாயம். ஆனாலும் கடைசிச் சென்னைப் பகுதி தளர்ந்துதான் இருக்கிறது. தொடர்கதையின் தளர்ச்சி அது.

நிலாமுற்றம்:

தளர்ச்சி உண்டு, மறுக்கவில்லை. ரங்கண்ணா இல்லாத ஊரில் பாபுவுக்கும் அப்படித்தான் இருக்கும்.

மணிமுத்தாறு:

அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977). சந்திரசேகரன் 'நான்' என்று பேசிக்கொண்டிருக்கிறான், திடீரென்று 'அவன்' ஆகிவிடுகிறான். அச்சுப்பிழையா?

ஏட்டுச்சுவடி:

பிழை இல்லை, ஆசிரியரே செய்தது. எந்த இடத்தில் 'அவன்' ஆகிறான் என்று ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே போங்கள், தானே பிடிபடும். அசோகமித்திரன் குரலை உயர்த்துவதே இல்லை. அதனால் பெரிய சம்பவங்கள் சின்ன வாக்கியத்தில் கடந்து போகும். சிகந்தராபாத் லான்சர் பாரக்ஸில் கிரிக்கெட் ஆடும் பையன் கதை என்று நினைத்து அசட்டையாகப் படித்தால் நிஜாம் ஆட்சிக்காக ஆயுதம் எடுத்த ரஜாக்கர்கள் வருவதே கண்ணில் படாது. 1947 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத் இந்தியாவோடு சேரவில்லை, நிஜாம் தனியாக நின்றார். 1948 ஜனவரி 30 காந்தி கொலை. அதே ஆண்டு செப்டம்பர் 13 முதல் 18 வரை இந்திய ராணுவ நடவடிக்கை. இந்த மூன்றும் மனதில் இருந்தால் ஒவ்வொரு அத்தியாயமும் எதற்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்று தெரியும்.

தாழைமடல்:

இதே மாதிரி 'தோணி'க்கும் ஒரு தேதித் துண்டு போட்டுக் கொடுங்களேன் ஐயா. புத்தகத்துக்குள் செருகி வைத்துக்கொள்ளலாம்.

ஏட்டுச்சுவடி:

இதோ. 1941 டிசம்பர்: ஜப்பான் மலேயாவில் இறங்குகிறது, அந்த மாதமே பினாங்கு விழுகிறது. 1942 பிப்ரவரி 15: சிங்கப்பூர் சரண். 1942 மார்ச்: சுமத்ராவில் ஜப்பானியப் படை, மெடான் வீழ்ச்சி (நாவலின் முதல் காட்சி இங்கே). 1943 ஜூலை: நேதாஜி சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்கிறார். 1944: இம்பால் போர், தோல்வி. 1945 ஆகஸ்ட் 15: ஜப்பான் சரணடைவு. ஆகஸ்ட் 17: இந்தோனேசியா விடுதலைப் பிரகடனம், அதன் பிறகு டச்சுக்காரர்கள் திரும்பி வருகிறார்கள்.

கடைசி வரியின் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சண்டை முடிந்தும் பாண்டியன் ஏன் ஊர் திரும்பவில்லை என்று கேட்கிறவர்கள் அந்த வரியைத்தான் தவற விடுகிறார்கள்.